புல்தரையும் அநர்த்ததண்ட விரதமும்

இல்லறத்தில் வாழும் சிராவகன் ஒருவன் தன் வீட்டைச் சுற்றி வளர்ந்த புல்லை வெட்டலாமா? மரத்திலிருந்து உதிர்ந்த இலைகளை வாரி எறியலாமா? இக்கேள்விகளை நம் ஊர்த் திண்ணையில் எழுப்பினால் பெரியவர்கள் புன்னகை செய்வார்கள். நஞ்சை புஞ்சை உழுது வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. வரப்புப் புல்லை அறுப்பதும் களையெடுப்பதும் நமக்கு நாள்தோறும் நடந்த வேலைகள். ஆதிபகவனாகிய விருஷபதேவரே உழவுத் தொழிலை மக்களுக்குக் கற்பித்தருளினார் என்பது நம் மரபு. அவ்வாறிருக்க, புல் வெட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் நினைக்கலாம்.

எனினும் இன்று நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் ஆண்டில் நான்கைந்து மாதம் உறைபனி மூடிக் கிடக்கும் நாடுகளில் சொந்த வீடு வாங்கியுள்ளனர். அவ்வீடுகளைச் சுற்றிலும் புல்தரை உண்டு; மரங்கள் உண்டு. அவற்றைப் பேணுவது வீட்டுக்காரரின் கடமை. தொலைபேசியில் அவர்கள் கேட்கும் ஐயங்களுள் இதுவும் ஒன்று. எனக்கோ இது பிறர் கேட்ட ஐயமாக மட்டும் அமையவில்லை. நானே செய்த பிழை ஒன்றிலிருந்து பிறந்த கேள்வி இது. அப்பிழையை முதலில் கூறிவிடுகிறேன். ஆலோசனை செய்து குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அறம் பேசப் புகுவது முறையன்று.

இருபத்திரண்டு பைகள்

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நான் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள என் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய புறநகர்ப் பகுதி அது. வீட்டின் பின்புறம் இரண்டு மேப்பிள் மரங்களும் ஓர் ஓக் மரமும் நின்றன. அதற்கப்பால் சிறு தோப்பும் ஈர நிலமும் இருந்தன. நான் போய்ச் சேர்ந்த பதினைந்து நாட்களுக்குள் இலைகள் செம்பொன் நிறமாகி உதிரத் தொடங்கின. தரை முழுவதும் கணுக்கால் புதையும் அளவுக்கு இலை குவிந்தது.

உழவர் வீட்டில் பிறந்தவன் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க இயலுமா? மகன் அலுவலகம் சென்ற வேளையில் கொட்டகையிலிருந்த வாருகோலை எடுத்து மூன்று நாட்கள் இலை வாரினேன். மக்கும் காகிதத்தாலான பெரிய பைகளில் அவற்றை அடைத்தேன். பை நிரம்பியதும் இன்னும் கொஞ்சம் இடம் உண்டாக்கலாமே என்று காலை உள்ளே விட்டு மிதித்து அமுக்கினேன். இருபத்திரண்டு பைகள் சேர்ந்தன. அவற்றைத் தெருவோரத்தில் வரிசையாக வைத்தேன். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. தரை துடைத்தாற்போல் இருந்தது. மாலையில் வந்த மகன் கண்டு மகிழ்ந்தான். நானும் நல்லதொரு காரியம் செய்தோம் என்ற நிறைவோடு அன்றிரவு சாமாயிகத்தில் அமர்ந்தேன்.

அடுத்த வீட்டில் ஓர் அம்மையார் தனியே வசித்து வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம் வீட்டு நடைபாதையிலும் தெருவிலும் விழுந்த இலைகளை மட்டும் கூட்டி எடுத்து, மரத்தடிகளிலும் செடிகளின் வேரடியிலும் பரப்பிவிட்டார். மற்றவை விழுந்த இடத்திலேயே கிடந்தன. முதுமையால் முடியவில்லை போலும் என்று இரங்கினேன். உண்மையைச் சொன்னால், சோம்பல் என்றும் ஒரு கணம் எண்ணினேன்.

ஏப்ரல் மாதத்தில் பனி உருகியது. ஒரு நாள் பிற்பகலில் அந்த அம்மையாரின் தோட்டத்துக்கப்பால் இருந்த ஈர நிலத்திலிருந்து வாத்துகள் கத்துவது போன்ற ஒலி எழுந்தது. வேலியருகே நின்றிருந்த அவரிடம் என் பேத்தியின் உதவியோடு கேட்டேன். அவை வாத்துகள் அல்ல, காட்டுத் தவளைகள் என்றார். குளிர்காலம் முழுவதும் அவை எங்கே இருந்தன என்று கேட்டேன். அவர் குனிந்து தம் காலடியில் கிடந்த இலைப்படுகையை மெல்ல விலக்கிக் காட்டினார். "இதற்குள்தான்" என்றார்.

நம்ப இயலவில்லை. ஆனால் அறிவியல் நூல்கள் இதனை உறுதி செய்கின்றன. வட அமெரிக்கக் காட்டுத் தவளை மண்ணை ஆழத் தோண்டி ஒளிவதில்லை. இலைக் குப்பையின் அடியில் படுத்துக்கொள்கிறது. குளிர் மிகும்போது அதன் உடலிலுள்ள நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்துவிடுகிறது. இதயத் துடிப்பு நின்றுவிடுகிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. அதன் ஈரலிலிருந்து பெருகும் சர்க்கரைச் சத்து உயிரணுக்களைச் சிதையாமல் காக்கிறது. வசந்தத்தில் வெயில் பட்டதும் உடல் உருகி, இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. ஜினாகமம் கூறும் பத்துப் பிராணன்களுள் உசுவாசம் புலப்படாமற் போனாலும் ஆயுள் என்னும் பிராணன் நீங்கவில்லை. உயிர் உடலை விட்டுப் போகவில்லை.

அந்த அம்மையார் மேலும் சிலவற்றைக் காட்டினார். லூனா என்னும் வெளிர்பச்சை நிறப் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு, ஓர் உலர்ந்த இலையையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு இலைகளோடு இலையாகக் கிடந்தது. மின்மினிப் பூச்சிகளின் புழுக்கள் ஓராண்டுக்கு மேல் இப்படுகையிலும் இதன் அடிமண்ணிலும் வாழ்வதாகக் கூறினார். உரோமம் அடர்ந்த பெருந்தேனீ ஒன்று மரத்தடியிலிருந்து எழுந்து தள்ளாடிப் பறந்தது. அது ஓர் அரசித் தேனீ. அவ்வினத்தில் குளிர் வந்ததும் கூட்டிலுள்ள பழைய அரசியும் வேலைக்காரத் தேனீக்களும் ஆண் தேனீக்களும் மடிந்துவிடுகின்றன. கருவுற்ற இளம் அரசி மட்டுமே தனியாக மண்ணிலோ இலைக்கடியிலோ சில அங்குல ஆழத்தில் உறங்கி உயிர் தப்புகிறது. அடுத்த ஆண்டின் குடும்பம் முழுவதும் அந்த ஓர் உயிரிலிருந்தே தோன்ற வேண்டும்.

நான் பேசவில்லை. பைக்குள் காலை விட்டு மிதித்தது நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடிகளை வணங்கி, முனிவர் ஒருவர் முன்னிலையில் அணுவிரதங்களை ஏற்றவன் நான். பகல் உணவும் வடிகட்டிய நீரும் என் வழக்கம். அந்தப் பைகள் சென்ற இடத்தில் இலைகளை மலைபோல் குவித்து மக்க வைக்கிறார்கள். களை விதைகள் அழியும்பொருட்டு அக்குவியல் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமடையுமாறு செய்கிறார்கள். உள்ளே உறங்கிய உயிர்கள் என்ன ஆகியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அறியாமல் செய்தது குற்றமா?

இச்செய்தியைக் கேட்ட உறவினர் ஒருவர், "நீங்கள் கொல்ல நினைக்கவில்லை, அறியாமல் நேர்ந்ததற்கு வருந்துவானேன்?" என்றார். இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. நம் ஆசாரியர்கள் செயலைவிடப் பாவத்தையே, அதாவது உள்ளத்தின் தன்மையையே, பெரிதாகக் கொண்டனர். அமிர்தசந்திராசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், ஒருவன் உயிரைக் கொல்லாமலே இம்சையின் பயனை எய்துவதும், மற்றொருவனிடம் உயிர் மடிந்தும் அவன் அப்பயனை எய்தாதிருப்பதும் உண்டு என்று விளக்குகிறார். திட்டமிட்டுக் கொல்லும் சங்கல்பி இம்சையையே இல்லறத்தான் முற்றும் துறக்கிறான். வீட்டு வேலைகளில் நேரும் ஆரம்பி இம்சையும், தொழிலில் நேரும் உத்யோகி இம்சையும், தற்காப்பில் நேரும் விரோதி இம்சையும் அவனால் முற்றும் விலக்க இயலாதவை. இலை வாரியது ஆரம்பி இம்சைதானே என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொள்ள முயன்றேன்.

ஆயினும் மனம் தேறவில்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் பிராணன்கள் நீங்குதலையே இம்சை என்று வரையறுக்கிறார். பிரமாதம் என்பது கவனமின்மை, விழிப்பற்ற நிலை. முனிவர்க்கு உரிய ஐந்து சமிதிகளுள், அடியெடுத்து வைக்குமுன் நோக்குவதும், ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்குவதும் அடங்கும். இல்லறத்தார் அவற்றைத் தம்மால் இயன்ற அளவில் பின்பற்றுகிறோம். என் தாயார் விறகைத் தரையில் இரண்டு முறை தட்டி உதறாமல் அடுப்பில் வைத்ததில்லை. பட்டையினுள் எறும்போ பூச்சியோ இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மாவைச் சலிப்பதும் தானியத்தை வெயிலில் பரப்பிப் பார்ப்பதும் அதன்பொருட்டே.

அந்தத் தாயிடம் வளர்ந்த நான் இருபத்திரண்டு பைகளை அடைத்தபோது ஒருமுறையேனும் குனிந்து பார்க்கவில்லை. ஏன்? இவ்வளவு குளிரில் இங்கே என்ன உயிர் இருக்கப் போகிறது என்ற எண்ணமே காரணம். நம் நாட்டில் மழைக்காலத்தில் உயிர்கள் கண்ணுக்குப் புலப்படும்படி பெருகுகின்றன. ஆதலால் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசியம் நோற்கின்றனர். குளிர் நாட்டிலோ நேர்மாறு. உயிர்கள் நிறைந்திருக்கும் காலத்திலேயே நிலம் வெறுமையாகத் தோன்றுகிறது. கண் கண்டதைக் கொண்டு முடிவு செய்தேன், கேட்டறிய முயலவில்லை. அறியாமை என் குற்றமன்று என்றாலும், அறிய முயலாமை என் குற்றமே. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று மும்மணிகளை வரிசைப்படுத்திய ஆன்றோர், ஒழுக்கத்துக்கு முன்னே ஞானத்தை வைத்ததன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

ஒரே பையில் நால்வகை அறிவுயிர்கள்

புழு, எறும்பு, வண்டு, மனிதர் முதலியோர்க்கு ஒன்றுக்கொன்று ஓர் அறிவு கூடுதலாக உண்டு என்பது நம் சித்தாந்தம். அந்த இலைப்போர்வையில் நத்தையாகிய ஈரறிவுயிர் உண்டு. எறும்பு முதலிய மூவறிவுயிர்கள் உண்டு. தேனீ, அந்துப்பூச்சி ஆகிய நாலறிவுயிர்கள் உண்டு. தவளையாகிய ஐயறிவுயிரும் உண்டு. புல் ஓரறிவுயிர் என்பதைத் தொல்காப்பிய மரபியலும் கூறும். ஓரறிவுயிர்க்கு நேரும் துன்பத்தை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது. இயங்கும் உயிர்களாகிய திரச ஜீவன்களைக் காப்பதோ அணுவிரதியின் முதற்கடமை. ஆகவே புல்லை வெட்டலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், புல்லின் அடியில் இருப்பவற்றை மறந்தவர்களாவோம்.

ஆனால் ஓரறிவுயிர் விஷயத்திலும் நமக்குக் கட்டுப்பாடு உண்டு. மூன்று குணவிரதங்களுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம். அநர்த்தம் என்றால் பயனற்றது. தண்டம் என்றால் தீங்கு. பயனின்றி உயிர்களுக்குத் தீங்கு செய்வதைக் கைவிடுதலே இவ்விரதம். சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாக வகுத்துள்ளார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை அன்பர்கள் பலர் ஓதியிருப்பீர்கள். பாபோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாதசரியை என்பன அவ்வைந்து. இவற்றுள் பிரமாதசரியை என்பது பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் முதலியவற்றைக் குறிக்கும். குளிர் நாட்டு வீட்டு முற்றத்தை ஆசாரியர் கண்டதில்லை. எனினும் அங்கே நடைபெறும் வேலைகளின் பட்டியலை எழுதி வைத்தது போலவே இருக்கிறது அந்த விளக்கம்.

எங்கள் ஊரில் புல்லை அறுத்தால் மாடு தின்னும். சாணம் வயலுக்குப் போகும். பால் வீட்டுக்கு வரும். அங்கே பயன் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மின்னசோட்டாவில் மே முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் வாரந்தோறும் புல்லை வெட்டுகிறார்கள். வெட்டிய புல்லை எந்த மாடும் தின்பதில்லை. எதற்காக வெட்டுகிறோம் என்று கேட்டால் விடை தேட வேண்டியிருக்கிறது.

புல்தரை வந்த வழி

புல்தரை வழக்கம் இங்கிலாந்துச் சீமான்களின் மாளிகைகளிலிருந்து வந்தது. ஆடுகளை மேயவிட்டும், ஆட்களை வைத்து அரிவாளால் அறுத்தும் புல்லைக் கட்டையாக வைத்திருப்பது செல்வத்தின் அடையாளமாக இருந்தது. பயிர் செய்யத்தக்க நிலத்தைப் பயிரிடாமல் வைத்திருக்கும் வசதி எனக்கு உண்டு என்று காட்டுவதே அதன் உட்பொருள். 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் நடுத்தர மக்களுக்கும் அவ்வழக்கம் எட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் அது வீட்டுக்கு வீடு பரவிற்று. கென்டக்கி நீலப்புல் என்று பெயர் பெற்ற புல்லும் அந்நாட்டுக்குரியதன்று, ஐரோப்பாவிலிருந்து வந்தது. செயற்கைக்கோள் படங்களின் துணைகொண்டு செய்யப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வீடுகள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றின் புல்தரைப் பரப்பைச் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

புல்தரையில் வெண்மலர் பூக்கும் குளோவர் என்னும் சிறு செடியின் வரலாறு சிந்திக்கத்தக்கது. முற்காலத்தில் புல் விதையோடு குளோவர் விதையையும் கலந்தே விற்றார்கள். அது அவரையினத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளால் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். அதன் பூ தேனீக்கு உணவாகும். 1940களில் 2,4-டி என்னும் களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும். டேண்டிலயன் என்னும் மஞ்சள் பூச்செடியைக் கொல்லத் தெளித்த அம்மருந்தில் குளோவரும் மடிந்தது. காலப்போக்கில் குளோவரும் ஒரு களையே என்று மக்கள் நம்பத் தொடங்கினர். உரமிடும் செடியைக் கொன்றுவிட்டு, அதே உரத்தைக் கடையில் பை பையாக வாங்குகிறோம். ஒரு தேவையற்ற கொலை அடுத்த தேவையை உண்டாக்குகிறது. அத்தேவை அடுத்த தீங்குக்கு வழிவகுக்கிறது. வினை வினையை வளர்க்கும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் பூச்சிக்கொல்லிகளின் தீமையை உலகறியச் செய்த பின்னும் இவ்வழக்கம் ஓயவில்லை. புல்லின் வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களைக் கொல்ல இன்று இமிடாகுளோப்பிரிட் போன்ற மருந்துகளை இடுகிறார்கள். அது செடியின் உடலெங்கும் பரவுவதால், அத்தரையில் பூக்கும் குளோவரின் தேனும் தேனீக்கு நஞ்சாகிறது. வீட்டுக்காரர் பலர் இவற்றைத் தம் கையால் செய்வதில்லை. ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனம் வந்து பருவந்தோறும் தெளித்துவிட்டு, தரையில் கால் வைக்காதீர்கள் என்று எச்சரிக்கும் சிறு கொடியையும் நட்டுவிட்டுப் போகும். என் கையால் செய்யவில்லையே என்று நம்மவர் சொல்ல இயலாது. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் கிருத, காரித, அனுமோதனம் மூன்றையும் நம் நூல்கள் ஒருங்கே வைத்துப் பேசுகின்றன. பணம் கொடுத்து நஞ்சு தெளிப்பிப்பது காரிதமே. மருந்துத் தெளிப்பானை அடுத்த வீட்டுக்காரருக்கு இரவல் கொடுப்பது இம்சாதானத்தின் பாற்படும்.

இவற்றையெல்லாம் தூண்டுவது எது என்று உள்நோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் மான கஷாயமே அங்கு நிற்கிறது. தெருவில் என் வீட்டுத் தரையே பசுமையானது என்னும் பெருமிதமும், என் வீட்டுத் தரை மட்டும் மங்கலானது என்னும் நாணமும் அதன் இரு முகங்கள். நான் இலை வாரிய மூன்று நாட்களில் என் உள்ளத்திலும் அதுவே இருந்தது.

பனியும் உப்பும்

குளிர் மாதங்களில் வேறொரு சிக்கல் உண்டு. சனவரியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20, 25 டிகிரி செல்சியசுக்கு இறங்கும் நாட்கள் உண்டு. மண் ஆழமாக உறைந்துவிடுவதால் வீட்டின் அடித்தளத்தை 42 அங்குலத்துக்குக் கீழே இட வேண்டும் என்பது அப்பகுதிக் கட்டட விதி. வீட்டு வாயிலின் நடைபாதையில் விழும் பனியை வீட்டுக்காரரே அகற்ற வேண்டும். மினியாபொலிஸ் நகரில் பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் தனி வீட்டார் இதனைச் செய்து முடிக்க வேண்டும். வழியில் நடப்போர் வழுக்கி விழாமல் காப்பதால் இது பயனுள்ள செயல், அறச்செயலும் ஆகும்.

ஆனால் பனியை உருக்க உப்பை அள்ளி வீசுவதில்தான் அளவு தவறுகிறது. சாதாரண உப்பு சுழியத்துக்குக் கீழே சுமார் 9 டிகிரிக்கு மேல் குளிர் மிகுந்தால் வேலை செய்வதில்லை. வீசிய உப்போ எங்கும் மறைந்துவிடுவதில்லை. பனி உருகும்போது அதனோடு கரைந்து ஏரிகளை அடைகிறது. ஒரு தேக்கரண்டி உப்பு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் நீரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்று அம்மாநில மாசுக்கட்டுப்பாட்டு நிறுவனம் மக்களுக்கு அறிவுறுத்துகிறது. நீரை வடிகட்டி, வடிகட்டியதில் தங்கிய உயிர்களையும் எடுத்த நீர்நிலையிலேயே சேர்க்க வேண்டும் என்று விதித்த சமயம் நம்முடையது. பனியை விழுந்தவுடன் வாரித் தள்ளிவிட்டால் பெரும்பாலும் உப்பே தேவைப்படாது. இறுகிய இடத்தில் மணல் தூவினால் கால் வழுக்காது.

மறுப்புகளுக்கு விடை

இவ்வாறு கூறும்போது எழும் மறுப்புகளையும் நேர்மையோடு நோக்க வேண்டும். அண்டை வீட்டார் என்ன நினைப்பார்கள், நகராட்சி அபராதம் விதிக்காதா என்பது முதல் மறுப்பு. இவ்வச்சம் வீணன்று. மினியாபொலிசில் புல் 8 அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது என்பது விதி. ஆனால் இயற்கைச் செடிகளை முறையாகப் பேணி வளர்க்கும் தோட்டத்துக்கு நகரங்கள் இடமளிக்க வேண்டும் என்று மின்னசோட்டா மாநிலம் 2023இல் சட்டமியற்றியது. அதற்கு முன்பே, 2005 முதல், தேவையின்றிப் பாஸ்பரஸ் உரத்தைப் புல்தரைக்கு இடுவதை மாநிலம் முழுவதும் தடை செய்தது. ஏரிகளில் பாசி பெருகுவதே அதற்குக் காரணம். தேனீக்களுக்கான செடிகளை வீட்டுத் தரையில் நடுவோர்க்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்று 2019இல் தொடங்கப்பட்டது. முதுகில் துருநிறத் திட்டுடைய ஒருவகைப் பெருந்தேனீ 2017இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அமெரிக்க அரசால் அறிவிக்கப்பட்டது. அதனையே 2019இல் மின்னசோட்டா தன் மாநிலத் தேனீயாக ஏற்றது. ஜினதருமத்தை அறியாத மக்கள் ஆராய்ச்சியின் வழியே ஜீவதயையை நோக்கி வரும்போது, பிறப்பால் அதனைப் பெற்ற நாம் பின்தங்குவது அழகன்று.

நோய் பரப்பும் உண்ணிகள் இலைக்குப்பையில் வாழுமே என்பது இரண்டாவது மறுப்பு. இது மெய்யே. மின்னசோட்டாவில் மான் உண்ணிகளால் லைம் நோய் பரவுகிறது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைப் புறக்கணித்தல் தகாது. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் நடைவழியிலும் புல்லைக் கட்டையாக வைத்துக்கொள்வதும் இலைகளை அகற்றுவதும் குற்றமாகா. தோப்புக்கும் விளையாடும் தரைக்கும் இடையே மூன்றடி அகலத்துக்கு மரச்சில்லுகளைப் பரப்பினால் உண்ணிகள் எளிதில் கடந்து வருவதில்லை. காக்க வேண்டியதைக் காக்கும் செயலுக்குப் பயன் உண்டு, அது அநர்த்தமன்று. அதன் பெயரால் முற்றம் முழுவதும் நஞ்சிடுவதே அநர்த்தம்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. புல்தரையே வேண்டாம் என்று அதனைத் தோண்டி எடுத்துவிட்டுப் பூச்செடி நட்டால், தோண்டுவதில் உயிர்கள் மடியாவா என்று என் மகன் கேட்டான். மடியும். ஆதலால் ஒரே நாளில் அனைத்தையும் மாற்ற முனைய வேண்டுவதில்லை. இருக்கின்ற புல்லின் நடுவே குளோவர் விதையைத் தூவுவதே போதும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார், மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லோடு வெண்குளோவர் முதலிய தாழ்ந்த பூச்செடிகளைக் கலந்து தேனீத் தரை என்ற ஒன்றை உருவாக்கும் முறையைப் பரப்பி வருகின்றனர். அதற்கு உரம் குறைவு, நீர் குறைவு, வெட்டும் முறைகளும் குறைவு. மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாமல் வெட்டி, வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டால் அதுவே உரமாகும்.

அடுத்த அக்டோபர்

என் மகன் அந்த ஆண்டு முதல் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டான். நடைபாதையிலும் தெருவிலும் விழும் இலையை மட்டும் வாருகிறான். தெருவில் கிடக்கும் இலை மழைநீரில் ஊறி ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். ஆகவே அதனை அகற்றுவது பயனுள்ள செயலே. வாரியதை மரத்தடியில் பரப்புகிறான். அங்கே யாரும் மிதிப்பதில்லை. வசந்தத்தில் பகல் வெப்பம் சில நாட்கள் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டும்வரை காய்ந்த தண்டுகளையும் இலைகளையும் தொடுவதில்லை. உறங்கும் உயிர்கள் எழுந்து செல்ல அவகாசம் வேண்டும் அன்றோ? மருந்து தெளிக்கும் ஒப்பந்தத்தையும் நிறுத்திவிட்டான். முன்புறத்தில் சிறிய புல்தரை இன்னும் இருக்கிறது. அதனை வெட்டுகிறான், வெட்டுமுன் ஒருமுறை நடந்து பார்க்கிறான்.

எதிர் வீட்டுக்காரர் இன்றும் மருந்து தெளிக்கிறார். அவர் தீயவரல்லர். டேண்டிலயன் விதை தம் தரையில் பறந்து வந்து விழுவதை அவர் விரும்பவில்லை. தம் வீட்டைச் செம்மையாக வைத்திருப்பதே அண்டையார்க்குச் செய்யும் மரியாதை என்று அவர் தந்தை கற்பித்திருக்கிறார். அவர் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் அதிலும் ஓர் உண்மை உண்டு. அநேகாந்தம் கற்ற நாம் அவரை இகழலாகாது. மகன் தன் தரையின் ஓரங்களை நேர்த்தியாக வெட்டி, அவர் பக்கத்து எல்லையில் விதை பரவாமல் பூவைக் கொய்துவிடுகிறான். அண்டையாரின் மனம் நோகாமல் காப்பதும் அகிம்சையே.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒவ்வொன்றுக்கும் நூலில் விதி தேட வேண்டாம். வாருகோலையோ இயந்திரத்தையோ கையில் எடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இச்செயலால் யாருக்கு என்ன பயன்? இங்கே எவ்வெவ்வுயிர்கள் வாழ்கின்றன என்பதை அறிந்துகொண்டேனா? முதற்கேள்வி அநர்த்ததண்ட விரதத்தைக் காக்கும். இரண்டாவது பிரமாதத்தை விலக்கும். தமிழகத்தில் புது வீடு கட்டிச் சுற்றிலும் புல்தரை அமைக்க எண்ணும் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

நான் ஊர் திரும்பிய பின் தசலட்சண பருவத்தின் முடிவில் அனைத்துயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் நாளில், வழக்கம்போல் உறவினரையும் நண்பரையும் வணங்கி மன்னிப்புக் கேட்டேன். பின்னர் ஜினாலயத்தில் தனியே அமர்ந்து, அந்த இருபத்திரண்டு பைகளையும் ஒவ்வொன்றாக நினைந்து பிரதிக்கிரமணம் செய்தேன்.

ஜினதருமம் வாழ்க!